பூஜை போட்ட மிஷின்

அத்தியாயம் ஆறு

மாரியம்மா அழவில்லை. அதுதான் சக்திக்குத் தாங்கவில்லை. அழுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கலாம், ஃபேனைக் கூட்டி வைக்கலாம், நடுவில் ஒரு ஜோக்கை விட்டுப் பார்க்கலாம். இந்தப் பெண் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, துவைத்து மடித்த வெள்ளைச் சட்டை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, அன்னபூர்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது யார் சட்டைம்மா?" என்று கேட்டான் சக்தி.

"அவருதுங்க. நாளைக்குக் காத்தால கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்களாமா. இன்னிக்குப் பொழுதுக்குள்ள கையெழுத்து வாங்கிப்புடுவோம்னு ஸ்டேஷன் ரைட்டரு சொல்றாரு. போட்டுருவாருங்க. அடி தாங்காம போட்டுருவாரு."

லக்ஷ்மிபுரத்தில் காப்பிப்பொடிக் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்தும் அன்னபூர்ணிக்கு ஐம்பது வயது. ரயில்வே விஜிலன்ஸில் திருடர்களைப் பிடித்துப் பிடித்து, கடைசியில் மேலதிகாரி ஒருவரையே பிடித்துவிட்டதால் வேலையை விட்டு வந்தவர். சக்தி அவருடைய உதவியாளன். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்து நொடித்துப்போனவன். நாக்கு மட்டும் நொடிக்கவில்லை.

மாரியம்மாவின் கணவன் பாலன், கொள்ளேகால் பக்கம் மார்டள்ளிக்காரன். ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில் ஜெனரேட்டர் ஆபரேட்டர், அதோடு வாட்ச்மேன். வருஷத்தை இரண்டே இலக்கத்தில் எழுதிப் பழகிய புரோகிராம்கள், இரண்டாயிரம் பிறந்ததும் குழம்புமா குழம்பாதா என்று சோதித்துத் திருத்திச் சான்று கொடுப்பது அந்தக் கம்பெனியின் தொழில். ஆயுத பூஜை அன்று மத்தியானம் எல்லா மிஷினுக்கும் பூஜை போட்டு, பூசணிக்காய் உடைத்து, பொரி வாங்கிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் காலையில் ஜெனரேட்டர் கொட்டகையில் பிரதிபா என்ற இன்ஜினீயர் பெண் செத்துக் கிடந்தாள். பக்கத்தில் பாலனுடைய ஸ்பானர்.

"சாயங்காலம் ரெண்டு பேரும் அரண்மனை தசரா லைட்டு பாக்கப் போனமுங்க. போலீஸ்ல நம்ப மாட்டேங்கறாங்க. லைட்டு பாக்க வந்த கூட்டத்துல எங்கள யாருங்க பாத்திருப்பாங்க?"

"அது பரவாயில்லை. அந்தப் பொண்ணுக்கு கேட்டைத் திறந்துவிட்டது யாருன்னு கேட்டா ஏன் பதில் சொல்ல மாட்டேங்கறார்?" என்றார் அன்னபூர்ணி.

மாரியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "எங்கிட்டயும் சொல்லலீங்க. அதக் கேட்டா மட்டும் வாயே தொறக்க மாட்டேங்கறாரு."

அவளைக் கீழே கடையில் உட்காரவைத்துவிட்டு வந்த சக்தி கதவைச் சாத்தினான். "மேடம், நம்ம கட்சிக்காரரே நமக்கு எதிர்க்கட்சியா இருக்காரு."

"அதை அப்புறம் பார்க்கலாம். இதைப் பாரு." மேஜைமேல், போலீஸிடம் கேட்டு வாங்கிய சில காகிதங்களைப் பரப்பினார் அன்னபூர்ணி. எல்லாம் கம்ப்யூட்டர் திரையைப் படமெடுத்து அச்சடித்தவை.

கம்பெனியில் பிரதிபாவுக்கு மேலதிகாரி அபிஜித். பூஜைக்கு முந்தின நாள் இருவருக்கும் பெரிய வாக்குவாதம் என்று கூட வேலை செய்யும் பெண்கள் சொல்லியிருந்தார்கள். எதைப் பற்றி என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஆனால் அபிஜித் கையில் ஒரு கெட்டியான சாட்சி இருந்தது. ஒரு ஆஸ்பத்திரியின் ரத்த வங்கிக்காக பிரதிபா முடித்த புரோகிராமை, பூஜை நடந்துகொண்டிருக்கும்போதே எல்லோர் முன்னாலும் ஃப்ளாப்பியில் வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் காலை அதன் டெஸ்ட் முழுவதையும் முடித்துப் படங்களோடு கொடுத்துவிட்டார். சாயங்காலம் முழுக்க உட்கார்ந்தால்தான் முடிகிற வேலை. குவெம்புநகரில் தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் செய்தேன் என்றார். ஆபீஸ் மிஷின்கள்தான் பூஜை போட்டு அணைத்துக் கிடந்தனவே! இன்ஸ்பெக்டர் பசவராஜுக்கு அது போதுமாயிருந்தது.

சக்தி முதல் படத்தை எடுத்தான். விண்டோஸ் 98 திரை. மூலையில் கடிகாரம் ஜனவரி 2000 என்றது. நடுவில் 'பாஸ்' என்று வரிசையாக. கீழே வைக்கப்போனவன் வைக்கவில்லை.

"மேடம், கம்ப்யூட்டரை அணைக்கிற பொத்தான் எங்க இருக்கும்?"

"பெட்டியில."

"இங்க திரைமேலயே இருக்கு பாருங்க. பவர் ஆஃப், சஸ்பெண்ட், ரீசெட். நிஜ கம்ப்யூட்டர்ல இப்படி ஒரு பட்டை வராது. இது மிஷினுக்குள்ள மிஷின். விஎம்வேர்னு இந்த வருஷம்தான் வந்திருக்கு. ஒரு கம்ப்யூட்டருக்குள்ள பொய்யா இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும். உள்ள இருக்கிறதோட தேதியை எந்த வருஷத்துக்கு வேணாலும் தள்ளிக்கலாம், வெளியில இருக்கிறதுக்கு ஒண்ணும் ஆகாது. டெஸ்ட் பண்றவங்களுக்கு அது ஆகாசத்துலேர்ந்து விழுந்த வரம்."

"சரி, அதனால?"

"அதனால இந்த 98 வெறும் போர்ஷன்காரர். மேல் போர்ஷன்ல 98 வரலாம், 95 வரலாம், பழைய டாஸ்கூட வரலாம். ஆனா கீழே ஒரு வீட்டுக்காரர் வேணும். விஎம்வேருக்கு வீட்டுக்காரரா இருக்க ரெண்டே பேருக்குத்தான் யோக்கியதை. ஒண்ணு விண்டோஸ் என்.டி., இன்னொண்ணு லினக்ஸ். 98 வீட்டுக்காரரா இருக்கவே முடியாது."

அன்னபூர்ணி எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "அபிஜித் வீட்டுக் கம்ப்யூட்டர்ல வீட்டுக்காரர் யாருன்னு பார்த்துட்டு வரலாம். ஸ்கூட்டரை எடு."

கதவைத் திறந்தது அபிஜித்தின் மனைவி ஸ்நேஹா. பின்னாலேயே அபிஜித் வந்தார். கம்பெனியை போலீஸ் பூட்டிவைத்திருந்ததால் வீட்டில்தான் இருந்தார். ஒழுங்காகச் சவரம் செய்த முகம், இஸ்திரி கலையாத சட்டை. பாலன் மனைவிக்காக வந்திருக்கிறோம் என்று அன்னபூர்ணி உள்ளதைச் சொன்னதும் முகத்தில் ஒரு பரிதாபம் வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது.

"ஸாரி மேடம். அந்த ஆளை நானே வேலைக்கு வெச்சேன். பிரதிபா வாஸ் லைக் எ சிஸ்டர் டு மீ. என்ன வேணுமோ கேளுங்க."

"டெஸ்ட் பண்ணின கம்ப்யூட்டரை இவன் ஒருதரம் பார்க்கணுமாம்."

"தாராளமா."

சக்தி உட்கார்ந்தான். விண்டோஸ் 98. டிஸ்கை அலசினான். ஒரே பாகம், ஒரே குடித்தனம். லினக்ஸும் இல்லை, என்.டி.யும் இல்லை.

"சார், விஎம்வேரைக் காணோமே?"

"இடம் அடைக்குதுன்னு எடுத்துட்டேன்."

"சிடி இருக்குமா?"

அபிஜித் அலமாரியிலிருந்து தானே எடுத்துக் கொடுத்தார். அந்தச் சிடியை அவர் அந்த மிஷினில் போட்டுப் பார்த்ததே இல்லை என்பது அடுத்த நிமிஷமே தெரிந்தது. சக்தி போட்டான். சிடி சுழன்றது. திரையில் ஒரு சின்னக் கட்டம் எழும்பி, இதற்கு விண்டோஸ் என்.டி. வேண்டும் என்று சொல்லிவிட்டு, 'ஓகே' என்ற ஒற்றைப் பொத்தானோடு நின்றது.

"ஓகேன்னு போட்டிருக்கு சார். ஆனா ஓகே இல்ல போலிருக்கே?" என்றான் சக்தி.

ஸ்நேஹா கணவனைப் பார்த்தாள். அபிஜித் இருமினார். "ஆக்சுவலி, இங்க பண்ணல. போலீஸ்கிட்ட எதுக்கு மூணாம் மனுஷனை இழுக்கணும்னு சொல்லல. அர்ஸ் ரோடு பக்கத்துல என் ஃபிரெண்ட் முனிராஜ் பிரஸ் வெச்சிருக்கார். அவர்கிட்ட மேக் இருக்கு. மேக்ல வர்ச்சுவல் பிசி போட்டா உள்ள விண்டோஸ் ஓடும். தெரியும்தானே உங்களுக்கு?"

தெரியும். சக்திக்கு எரிச்சலாக வந்தது. வாசலுக்கு வந்ததும் அன்னபூர்ணி கேட்டார்: "முடியுமாடா?"

"முடியும் மேடம். விஎம்வேருக்கு என்.டி.யும் லினக்ஸும்னா, வர்ச்சுவல் பிசிக்கு மேக்தான் வீடு. அதுக்குள்ள 98 சமர்த்தா உட்காரும். ஆனா படத்துல இருக்கிற பட்டை விஎம்வேரோடதுன்னு நான் சத்தியம் பண்ணுவேன்."

"நீ சத்தியம் பண்ணினா பசவராஜ் தலையாட்டிட்டுப் போயிடுவார். முனிராஜ் சொன்னா எழுதிப்பார். இந்த ஆள் போன் பண்றதுக்குள்ள அங்க போகணும்."

சக்தி ஓட்டிய வேகத்துக்கு அன்னபூர்ணி அவனைத் திட்டவில்லை. அன்றைக்கு அவரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

முனிராஜ் கல்யாணப் பத்திரிகை அடிப்பவர். பிரஸ் வாசலில் வாழைக்கன்றுகள் இன்னும் காய்ந்து தொங்கின. உள்ளே டெலிபோன் மணி அடித்தது. அன்னபூர்ணி சாவதானமாகப் போனின்மேல் தன் கைப்பையை வைத்து அதன்மேல் கையையும் ஊன்றிக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"ஆயுத பூஜை அன்னிக்குச் சாயங்காலம் உங்க மேக்ல உங்க ஃபிரெண்ட் வேலை செஞ்சாராமே?"

முனிராஜ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "யாரும்மா சொன்னது? பூஜை போட்ட மிஷினை அன்னிக்கே ஆன் பண்றதா? ஐயய்யோ! எங்கப்பா காலத்து கட்டிங் மிஷின்லேர்ந்து இந்த மேக் வரைக்கும் எல்லாத்துக்கும் குங்குமம் வெச்சு, ஷட்டரை இறக்கிட்டேன். மறுநாள் விஜயதசமிக்கு நல்ல நேரம் பாத்துதான் திறந்தேன். அன்னிக்கு ஒரு கத்தரிக்கோல் கேட்டிருந்தாகூடக் குடுத்திருக்க மாட்டேன்."

"அபிஜித்துக்குமா?"

"கவர்னருக்கும் கொடுக்க மாட்டேம்மா."

"மேக்ல வர்ச்சுவல் பிசி இருக்கா?" என்று சக்தி கேட்டான்.

"அதெல்லாம் என்னத்துக்கு? இருக்கிற மெமரியில பத்திரிகை டிசைன் பண்ற பேஜ்மேக்கரே மூச்சு வாங்குது."

போன் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அன்னபூர்ணி கைப்பையை எடுத்துக்கொண்டு, அதே போனில் இன்ஸ்பெக்டர் பசவராஜைக் கூப்பிட்டார். கம்பெனியைத் திறக்கவேண்டும், அபிஜித்தையும் அங்கே வரவழைக்கவேண்டும், அதுவரை ஸ்டேஷனில் யாரும் பாலன்மேல் கை வைக்கக்கூடாது. மூன்றாவதை மட்டும் இரண்டு தரம் சொன்னார். சக்தி அதைக் கேட்காத மாதிரி வாழைக்கன்றைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஹெப்பாளில் வெயில் சரிந்துகொண்டிருந்தது. ஃபாக்டரி விட்டு கம்பெனி பஸ்கள் வரிசையாகக் கிளம்பின. இன்ஸ்பெக்டர் பசவராஜ் கொள்ளேகாலில் நெடுநாள் இருந்தவர், தமிழ் நன்றாக வரும். அன்று கோபமாகவும் வந்தது.

"ஏனம்மா இது? கொலை நடந்தது கொட்டகையில. மாடியில என்ன இருக்கு? அன்னிக்கே ஒரு ரவுண்டு பாத்துப் பூட்டியாச்சு. எல்லாம் பூஜை போட்டு ஆஃப்ல இருந்துச்சு."

"இன்னொரு ரவுண்டு பார்ப்போம். ஸ்வல்ப பொறுங்க," என்றார் அன்னபூர்ணி.

மாடியில் கம்ப்யூட்டர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு திரையின்மேலும் கருகிப்போன சாமந்திச் சரம். ஒவ்வொரு பெட்டியிலும் பவர் பொத்தான்மேல் சந்தனத்தைக் குழைத்து வைத்து, அதன்மேல் குங்குமப் பொட்டு. காய்ந்து ஓடு போல் கெட்டியாகியிருந்தது. அபிஜித் வாசல் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இதுல என்.டி. இருக்கிற மிஷின் எது?" என்று கேட்டார் அன்னபூர்ணி.

சக்தி வரிசையாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனான். கடைசியில் ஜன்னலோரம் ஒரு மேஜை. பிள்ளையார் பொம்மை ஒன்று, பென்சில் டப்பா, நாற்காலி முதுகில் தொங்கும் ஒரு ஸ்வெட்டர். அந்தப் பெட்டியின் பொத்தானில் சந்தனம் நடுவில் உடைந்து, ஒரு விரல் அளவுக்குப் பொத்தான் பளிச்சென்று தெரிந்தது.

"இன்ஸ்பெக்டர் சார், எல்லாருக்கும் நெத்தியில பொட்டு இருக்கு. இவருக்கு மட்டும் யாரோ கட்டைவிரலால அழிச்சிருக்காங்க."

பசவராஜ் குனிந்து பார்த்தார். நிமிரும்போது அவர் முகத்தில் கோபம் போயிருந்தது. "இது யார் சீட்?"

"பிரதிபாவோடது," என்றார் அபிஜித். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

சக்தி அந்த உடைந்த குங்குமத்தின்மேலேயே விரலை வைத்து அழுத்தினான். விண்டோஸ் என்.டி. வந்தது. விஎம்வேரைத் திறந்தான்.

"ஒரே வீட்டுல ரெண்டு போர்ஷன் இருக்கு மேடம்." முதலாவதை இயக்கினான். விண்டோஸ் 98 எழுந்தது. மேலே அதே பட்டை. வெளியே என்.டி.யில் அதே படங்கள், அச்சடித்தவற்றின் மூலங்கள், ஒன்றுவிடாமல். கோப்புகளில் பெயர் அபிஜித் என்றிருந்தது. "சார் வீட்டுல எடுத்தேன்னாரு. அப்புறம் பிரஸ்ல எடுத்தேன்னாரு. படங்கள் பிறந்த ஊரு இதுதான். அதுவும் பூஜைக்கு அப்புறம்தான். பொட்டு வெச்ச பிறகுதானே உடைக்க முடியும்? மறுநாள் காலையிலேர்ந்து ரூம் உங்க பூட்டுல இருக்கு, இன்ஸ்பெக்டர் சார்."

"சரி, நான் வந்தேன்," என்றார் அபிஜித். "பிரஸ்டீஜ் பிராப்ளம், அதனால சொல்லல. பூஜை நாள்ல மிஷினைத் தொட்டேன்னு ஸ்டாஃபுக்குத் தெரிஞ்சா நல்லா இருக்காது. பட்டனை நான்தான் அழுத்தினேன். அது கொலையாயிடுமா?"

பசவராஜ் அன்னபூர்ணியைப் பார்த்தார். அன்னபூர்ணி சக்தியைப் பார்த்தார். ஆள் சாமர்த்தியசாலிதான், இந்த மூன்றாவது பொய்யைத் தயாராக வைத்துக்கொண்டுதான் படி ஏறி வந்திருந்தார்.

"இன்னொரு போர்ஷன்ல யாரு?" என்று கேட்டார் அன்னபூர்ணி.

"தூங்கிக்கிட்டிருக்கு மேடம். அணைக்கல, சஸ்பெண்ட் பண்ணியிருக்கு. எந்த நொடியில நிறுத்தினாங்களோ, எழுப்பினா அதே நொடியிலேர்ந்து ஓடும்."

"எழுப்பு."

டிஸ்க் கரகரவென்று சத்தம் போட்டது. திரை மெல்லத் தெளிந்தது. ரத்த வங்கி புரோகிராம். மூலையில் ஜனவரி 2000. நடுவில் ரத்தப் பைகளின் வரிசை. எல்லாம் டிசம்பர் 99-ல் காலாவதி ஆனவை. ஒவ்வொன்றின் எதிரிலும், 'நோயாளிக்கு ஏற்றலாம்'.

சக்தி திரையில் விரலை வைத்தான். "இரண்டாயிரத்துல வருஷம் 00-ன்னு ஆயிடும். 00-ஐ விட 99 பெரிசு. அதனால கெட்டுப்போன ரத்தமெல்லாம் இன்னும் நாள் இருக்குன்னு காட்டுது. இவரு காலாவதியான பைகளை மட்டும் நீக்கிட்டு டெஸ்ட் பண்ணிப் பாஸ் போட்டிருக்காரு. அந்தப் பொண்ணு நீக்காம பண்ணியிருக்கு."

சோதித்தவர் பெயர் என்ற இடத்தில் பிரதிபா என்றிருந்தது. கீழே ஒரு வரி, அபிஜித் சாருக்கு: 'நேரில் காட்டுகிறேன், வாருங்கள்.' அவ்வளவுதான். கர்சர் அங்கேயே மினுக்கிக்கொண்டிருந்தது.

"பொத்தானை முதல்ல அழுத்தினது அவ. உங்களைக் கூப்பிட்டதும் அவதான்," என்றார் அன்னபூர்ணி. "வந்தீங்க. பார்த்தீங்க."

அபிஜித் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். திரையைப் பார்க்காமல் பேசினார். "அதை மூடச் சொல்லுங்க." யாரும் மூடவில்லை. "போன்ல கூப்பிட்டா, வந்தேன். டெஸ்ட் எடுக்கறதுக்கு முன்னாலேயே சர்டிபிகேட் குடுத்தாச்சு. சைன் பண்ணினது நான். ஆஸ்பத்திரிக்கு போன் பண்றேன்னு கீழ இறங்கினா. நானும் பின்னாலேயே போனேன். கொட்டகை திறந்து கிடந்தது. டூல்ஸெல்லாம் பூஜை போட்டு வரிசையா வெச்சிருந்தது."

"அப்புறம்?" என்றார் பசவராஜ்.

"அப்புறம் மேல வந்து டெஸ்ட் எடுத்தேன்."

கீழே அவள் கிடக்க, அவள் நாற்காலியில், அவள் ஸ்வெட்டரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, சாயங்காலம் முழுக்க 'பாஸ்' 'பாஸ்' என்று படமெடுத்திருக்கிறார். சக்திக்கு அந்த மனிதரை ஓங்கி அறையவேண்டும் போலிருந்தது. அன்னபூர்ணி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மாரியம்மாவையும் அழைத்துக்கொண்டு ஸ்டேஷன் போய்ச் சேர்ந்தபோது விளக்கு ஏற்றும் நேரம். அரெஸ்ட் என்று இன்னும் எழுதவில்லை, விசாரணைக்குத்தான் கூட்டிவந்தோம், அழைத்துப் போகலாம் என்றார் பசவராஜ். அதைச் சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பாலன் சுவரைப் பிடித்து நடந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். வீங்கிய கண்ணால் மாரியம்மாவைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

"பாலன், உங்க மேல குத்தம் இல்லைன்னு ஆயிடுத்து. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க," என்றார் அன்னபூர்ணி. "பிரதிபாவுக்கு கேட்டைத் திறந்து சாவி குடுத்தது நீங்கதானே? இத்தனை அடிக்கும் ஏன் சொல்லலை? அந்தப் பொண்ணு மாடியில வேலை செஞ்சதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அன்னிக்கே மாடியை ஒழுங்காப் பார்த்திருப்பாங்களே."

பாலன் ஆமென்று தலையை ஆட்டினான். உதடு கிழிந்திருந்ததால் மெதுவாகத்தான் பேச முடிந்தது.

"அந்தப் புள்ள கேட்டுக்கிச்சுங்க. 'பூஜை போட்ட மிஷின இன்னிக்கே தொடறேன், அவசரம், யாருகிட்டயும் சொல்லிராதீங்கண்ணா. எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா மனசு சங்கடப்படுவாங்க'ன்னு. சொல்ல மாட்டேன் போம்மான்னு சாவியக் குடுத்துட்டு லைட்டு பாக்கப் போயிட்டேன்." தரையைப் பார்த்தே சொன்னான். "தொடக்கூடாத நாள்ல தொட வுட்டது நானுங்க. அதனாலதானுங்க அந்தப் புள்ள போச்சு. செத்தும் அது பேரக் கெடுக்கச் சொல்றீங்களா?"

"மிஷின் கொல்லலை பாலன்," என்றார் அன்னபூர்ணி. "அவ அன்னைக்கு அதைத் தொட்டதாலதான் நாளைக்கு ஆஸ்பத்திரியில பல பேர் பிழைக்கப்போறாங்க. அவ அம்மாகிட்ட நானே போய்ச் சொல்றேன்."

பாலனுக்கு அது எவ்வளவு எட்டியது என்று தெரியவில்லை. முகத்தைக் கையால் மூடிக்கொள்ளப் பார்த்தான். கை தோளுக்குமேல் வரவில்லை. மாரியம்மா அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே, கோர்ட்டுக்கென்று காலையிலிருந்து மடியில் வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் பிரித்தாள். ஒரு கையை நுழைக்க முடிந்தது, இன்னொன்றை முடியவில்லை.

சக்தி முழங்காலிட்டு உட்கார்ந்து, அந்தக் கையை மெதுவாக ஏந்திச் சட்டைக்குள் விட்டான். பித்தான்களை மாரியம்மா போட்டாள்.